மாற்றிக் கட்டிய வண்டியை வாங்கலாமா?



ரயிலே ஓடாத தீவில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று நம் கூட்டங்களில் என்னைக் கேலி செய்வதுண்டு. வேலை இருக்கத்தான் செய்கிறது. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, பொன்மலைப் பணிமனையில் சேர்ந்து, 36 ஆண்டுகள் சக்கரமும் அச்சும் பிரேக்குமாகக் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். மகள் குடும்பத்தோடு இங்கே வந்து தங்கியதிலிருந்து, பழைய வண்டி வாங்க நினைக்கும் நம்மவர்கள் "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார்" என்று வருகிறார்கள். முன்பெல்லாம் ஸ்கூட்டர், ஜீப் என்று கேட்டார்கள். கொஞ்ச நாளாக ஒரு புதுக் கேள்வி வருகிறது: "ஏ.டி.வி. ஒண்ணு சல்லிசா வருது சார். ஆல்ட்டர் பண்ணின வண்டி. வாங்கலாமா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய வண்டியை வாங்குகிறவன் இரும்பை வாங்குகிறான். மாற்றிக் கட்டிய பழைய வண்டியை வாங்குகிறவன், முகம் தெரியாத ஒருவனுடைய கணக்கையும் சேர்த்து வாங்குகிறான். அந்தக் கணக்கைக் காட்ட ஆள் இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி நமக்கு வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன்.

இது என்ன வண்டி?

எல்லா நிலத்திலும் ஓடுவது என்பதால் இதற்கு ஏ.டி.வி. என்று பெயர். மோட்டார் சைக்கிளைப் போல இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியால் திருப்பி, பெரும்பாலும் கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்தி ஓட்டும் நாலு சக்கர வண்டி. டயர் தடிமன், காற்று மிகக் குறைவு. கார் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம் என்றால் இதில் ஐந்தாறு பவுண்டு போதும். அதனால்தான் சேற்றிலும் மணலிலும் புதையாமல் மிதந்து போகிறது.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1970-இல் அமெரிக்கச் சந்தைக்காக மூன்று சக்கரத்தில் இதைக் கொண்டுவந்தது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காது. அந்த மாதங்களில் விற்க ஒரு சரக்கு தேவைப்பட்டது. 1982-இல் சுசுகி நாலு சக்கரத்தில் செய்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பலர், அதிலும் பல சிறுவர்கள், உயிரிழந்ததால், 1988-இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர வண்டி விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது. பெரிய பெரிய நிறுவனங்கள் ஆராய்ந்து செய்த வண்டியே இந்தக் கதிக்கு உள்ளானது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனைப் பட்டறையில் மாற்றிய வண்டியைப் பற்றி இனிமேல்தான் பேசப் போகிறோம்.

நம் நாட்டில் பொலாரிஸ் நிறுவனம் 2011-இல் வந்தது. 2021-இல் அவர்களுடைய ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்ற வண்டி விவசாய டிராக்டர் என்ற வகையில் பதிவு செய்யும்படியாக வெளிவந்தபோது, சாலையில் ஓட்டத்தக்க முதல் ஏ.டி.வி. என்று விளம்பரம் செய்தார்கள். அப்போது விலை சுமார் 8 லட்சம். அதாவது அதற்கு முன் விற்றவை பெரும்பாலும் சாலைக்கு உரியவை அல்ல. இன்று பழைய விலைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதிவெண்ணே கிடையாது.

எங்கிருந்து வருகின்றன?

நம் நாட்டில் பழைய ஏ.டி.வி. பெரும்பாலும் மூன்று வழிகளில் சந்தைக்கு வருகிறது.

முதலாவது, மலை வாசஸ்தலங்களிலும் கடற்கரை விடுதிகளிலும் வாடகைக்கு ஓடியவை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் ஏறி, நாற்பது பேரும் முறுக்கிப் பார்த்த வண்டி. கிலோமீட்டர் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அந்தக் கிலோமீட்டர் முழுவதும் முதல் கியரில், முழு வேகத்தில், புழுதியில் ஓடியது.

இரண்டாவது, பொறியியல் கல்லூரி மாணவர்கள் போட்டிக்காகக் கட்டியவை. பாஹா என்ற போட்டி 2007 முதல் நம் நாட்டில் நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பிதாம்பூரில் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளும் ஆர்வமாகக் கலந்துகொள்கிறார்கள். குழாய்ச் சட்டத்தை வளைத்து, பற்றவைத்து, சிறிய எஞ்சினைப் பொருத்தி, ஒருவர் மட்டும் உட்காரும் வண்டியைத் தாங்களே கட்டுகிறார்கள். மிக நல்ல பயிற்சி. நான் படித்த காலத்தில் இப்படி ஒன்று இல்லையே என்று எனக்கு ஏக்கமும் உண்டு. ஆனால் அந்தப் போட்டியின் கடைசிச் சோதனை நாலு மணி நேர ஓட்டம். நாலு மணி நேரம் தாங்குவதற்காக எடையைக் குறைத்துக் குறைத்துக் கட்டிய வண்டியை, பத்து வருடம் தோப்பில் தேங்காய் சுமக்க எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளைகளுக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை.

மூன்றாவது, ஆசைக்கு வாங்கிய ஒருவர், ஆசைக்கு மாற்றி, ஆசை தீர்ந்ததும் விற்பது. இதில்தான் மாற்றம் அதிகம்: உயரத்தைக் கூட்டுவது, பெரிய டயர் போடுவது, எஞ்சினையே மாற்றுவது, விளக்கு வரிசை கட்டுவது.

டிக்லிப்பூர் தோப்புக்கு வந்த வண்டி

வட அந்தமானில் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் சங்கத்து அன்பர் ஒருவர் போன வருடம் என்னிடம் கேட்டது இந்த மூன்றாவது வகை. சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். பழைய சீன வண்டி. அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு 220 சி.சி. பைக் எஞ்சின் வைத்திருந்தார்கள். மூன்று அங்குலம் தூக்கிக் கட்டி, பெரிய டயர் மாட்டியிருந்தார்கள். விலை 1,80,000 ரூபாய்.

"அண்ணே, புதுசுன்னா எட்டு லட்சம். இது கப்பல் கூலியோட ரெண்டேகாலுக்குள்ள முடிஞ்சுடும். சீட்டு எடுத்த பணம் கையில இருக்கு. மழைக்காலத்துல பாக்குத் தாரைச் சுமக்க ஆள் கிடைக்கல" என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மையான கஷ்டம். நம் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விடுவதில்லை. சரிவான தோப்பில் தலைச்சுமையாக இறக்குவது எவ்வளவு சிரமம் என்பது சுமந்தவருக்குத்தான் தெரியும். ஆகவே இது வீண் ஆசை என்று நான் அவரை ஒதுக்கவில்லை.

"சரி தம்பி, வியாபாரியிடம் நாலே கேள்வி கேளுங்கள்" என்றேன். எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அதற்குப் பில் உண்டா? சட்டத்தில் எஞ்சின் தாங்கியைப் பற்றவைத்தது யார்? பைக் எஞ்சினில் ரிவர்ஸ் கியர் கிடையாதே, அதற்கு என்ன வழி செய்திருக்கிறார்கள்? பின் அச்சு எந்த வண்டியினுடையது, அதன் பேரிங் எண் என்ன?

முதல் கேள்விக்கு "ஒரிஜினல் எஞ்சின் சார்" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு "நல்ல பட்டறை" என்று வந்தது. மூன்றாவதற்கு "இறங்கித் தள்ளிக்கலாம்". நாலாவதற்குப் பதிலே இல்லை. சுமார் 250 கிலோ வண்டியைச் சேற்றுச் சரிவில் இறங்கித் தள்ள ஆள் கிடைத்தால், பாக்குத் தாரைச் சுமக்க ஆள் கிடைத்திருக்குமே! அன்பர் அந்த வண்டியை விட்டுவிட்டார். கல்லூரியில் படிக்கும் அவர் மகனுக்கு என்மேல் இன்னும் கோபம்.

மாற்றம் குற்றமா?

அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்விதான். "தாத்தா, மாத்துறதே தப்பா? ரயில்வேயில மாத்தவே மாட்டீங்களா?"

ஏராளமாக மாற்றியிருக்கிறோம். ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின் நிலக்கரியில் ஓடியது. அதை எண்ணெயில் ஓடும்படி மாற்றியது பொன்மலைப் பணிமனை. அந்த எஞ்சின் குன்னூர் மலையில் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறது. ஆனால் ரயில்வேயில் மாற்றம் எப்படி நடக்கும்? லக்னோவில் ஆர்.டி.எஸ்.ஓ. என்ற ஆராய்ச்சி, வடிவமைப்பு, தர அமைப்பு இருக்கிறது. ஒரு தாங்கியின் தடிமனைக் கூட்ட வேண்டுமானாலும் வரைபடம் வரும், அதற்கு ஓர் எண் இருக்கும், எந்த உலோகம், எந்தப் பற்றவைப்புக் கம்பி என்று எழுதியிருக்கும். மாற்றிய பின் சோதனை, சோதனைக்குப் பின் பதிவேட்டில் கையெழுத்து. பத்து வருடம் கழித்து வருகிற ஃபிட்டர் அந்த ஏட்டைப் புரட்டினால், யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே மாற்றம் குற்றமில்லை. ஏடு இல்லாத மாற்றம்தான் ஆபத்து. அதைச் செய்தவன் போய்விடுவான். அவன் மனதில் போட்ட கணக்கும் அவனோடு போய்விடும். இரும்பு மட்டும் நம் வீட்டு வாசலில் நிற்கும்.

மூன்று அங்குலத்தின் கணக்கு

"மூணு அங்குலம் தூக்கினால் என்ன ஆகிவிடும்?" என்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பாதி 18. ஆளோடு சேர்த்து வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 24 அங்குல உயரத்தில் இருக்கிறது என்றால், ஏறத்தாழ 37 டிகிரி சாயும் வரை அது கவிழாது. எடை மையத்தை மூன்று அங்குலம் உயர்த்தி 27 ஆக்கினால், 34 டிகிரியிலேயே கவிழும். மூன்று டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். இது அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஓடும்போது ஒரு பக்கச் சக்கரம் வேரில் ஏறும், அதே நேரத்தில் திருப்புவோம், பின்னால் இரண்டு தார் பாக்கு கட்டியிருப்போம். இவை எல்லாம் சேர்ந்து தின்றுவிடுகிற மிச்சத்தில்தான் அந்த மூன்று டிகிரி இருந்தது.

பெரிய டயரும் அப்படித்தான். 25 அங்குல டயர் இருந்த இடத்தில் 27 அங்குலம் போட்டால், சக்கரத்தின் ஆரம் நூற்றுக்கு 8 பங்கு கூடுகிறது. அதே பிரேக் அதே அழுத்தத்தில் பிடித்தாலும் தரையில் கிடைக்கும் பிடிப்பு அந்த அளவுக்குக் குறையும். அதே இழுவைக்கு எஞ்சினும் பெல்ட்டும் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். தூக்கிக் கட்டியதால் அச்சின் முனை மூட்டுகள் கோணலாக நின்று சுழலும். அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். கிழிந்தால் கிரீஸ் வெளியே, சேறு உள்ளே. ஒன்றை மாற்றியவன் அதோடு சம்பந்தப்பட்ட நாலையும் மாற்றியிருக்க வேண்டும். பெரும்பாலும் மாற்றியிருக்க மாட்டான். ஏனென்றால் டயர் கண்ணுக்குத் தெரியும், பிரேக் தெரியாது.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி?

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் விடலாமா? மணப்பாறைச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால், பல் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். வண்டிக்கும் அதேதான். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் சட்டம். முன்பு ரயில் நிலையங்களில் நீண்ட கைப்பிடிச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே ஒருவர் போவார், நினைவிருக்கிறதா? நல்ல சக்கரம் கணீரென்று பேசும். விரிசல் விட்டது மொத்தென்று பேசும். வண்டிச் சட்டத்தில் அவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் உள்ளே துருவால் அரித்துப் போன குழாயும் தளர்ந்த போல்ட்டும் தட்டினால் தெரிந்துவிடும். நம் உப்புக் காற்றில் குழாய் வெளியே பெயின்ட்டோடு பளபளக்கும், உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும்.

அடுத்தது பற்றவைத்த இடங்கள். பழைய நாளில் ரயில்வே அச்சுகளில் விரிசல் பார்த்த முறையை வீட்டிலேயே செய்யலாம். சந்தேகமான இடத்தில் பெயின்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். அப்படி ஒரு கோடு, எஞ்சின் தாங்கியிலோ முன் சக்கரக் கைகளிலோ தெரிந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விற்பவர் சுரண்ட விடமாட்டேன் என்றாலும் அதுவே பதில்.

மூன்றாவது, எண்ணெய். எஞ்சின் ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். பால் விட்ட டீ போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அது ஓடைத் தண்ணீரா, கடல் தண்ணீரா என்பது வண்டிக்கும் அதைக் குளிப்பாட்டியவருக்கும்தான் தெரியும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயையும் அப்படியே பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சின் பக்கம், விரலால் தடவுங்கள். மணல் ஒட்டினால் பிஸ்டன் தேய்ந்திருக்கும்.

நாலாவது, வயர். கறுப்பு டேப் சுற்றிய இணைப்புகளை எண்ணுங்கள். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். செம்பு பச்சையாக இருந்தால் முழு வயரிங்கும் மாற்ற வேண்டியதுதான்.

ஐந்தாவதுதான் தீவுக்காரர்களுக்கு முக்கியம்: உதிரிப் பாகம். பேரிங்கின் பக்கவாட்டில் 6204, 6205 என்று எண் இருக்கும். அந்த எண் உலகம் முழுவதும் ஒன்றுதான். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும் பொருந்தும். அப்படி எண் உள்ள பாகங்களால் மாற்றிய வண்டி என்றால் பிழைத்துக்கொள்ளலாம். லேத்தில் கடைந்த அச்சு, அறுத்து ஒட்டிய ஸ்பிராக்கெட் என்று இருந்தால், அது உடையும் அன்று அதைக் கடைந்தவனைத் தேடிக் கடல் தாண்ட வேண்டும். சென்னையில் இருப்பவர் வியாபாரியின் கடை வாசலில் போய் நின்று நியாயம் கேட்கலாம். நமக்கு நடுவே மூன்று நாள் கப்பல் பயணம் இருக்கிறது. வியாபாரிக்கும் அது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. சுற்றடைப்புக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே அமைந்த சிறப்பு வகை வண்டிகளுக்குத்தான் விலக்கு. ஆகவே முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் தோப்பு ஒரே துண்டா, இரண்டு துண்டா? நடுவே பஞ்சாயத்துச் சாலை குறுக்கிட்டால், அந்தப் பத்தடியும் பொது இடம்தான்.

பதிவு உள்ள வண்டியானால் வேறொரு சிக்கல். கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் கொடுத்த, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 52-ஆம் பிரிவுக்கு விளக்கம் சொன்னது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்தது. வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்றது. "வீட்டு வாசல்ல தானே ஓட்டினான்" என்பது அங்கே செல்லாது.

அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்சூரன்ஸ். பதிவில்லாத, மாற்றிக் கட்டிய வண்டியைச் சாலையில் எடுத்து, வழியில் போகிற ஒருவர்மேல் மோதினால், அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ சேரவேண்டிய நஷ்டஈட்டை யார் கொடுப்பது? நாம்தான். பிழைக்க வந்த இடத்தில் இருபது, முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த வீடும் தோப்பும் ஒரு மாலை நேரத்துச் சவாரிக்குப் பணயமாகிவிடும்.

கடற்கரைக்கு வேண்டவே வேண்டாம்

இளைஞர்கள் பலர் இதைத் தோப்புக்காகக் கேட்பதில்லை. மணலில் ஓட்டத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிக்லிப்பூர் அருகே காளிப்பூர், ரங்கத் அருகே கத்பர்ட் விரிகுடா போன்ற கரைகளில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. நம் தீவுகளில் நாலு வகை ஆமைகள் கரையேறுகின்றன. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இட்டு மணலால் மூடிவிட்டுப் போகிறது தாய். ஐம்பது, அறுபது நாள் அவை மண்ணுக்குள் இருக்கும். மேலே எந்த அடையாளமும் இருக்காது. வண்டிச் சக்கரம் மணலை இறுக்கினால் குஞ்சுகள் மேலே வர முடியாது. சக்கரம் போட்ட பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலை அடைய முடியாது. விளக்கு வெளிச்சம் பட்டால் கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்குத் தெரியாமல் போகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவை முதல் அட்டவணையில் உள்ளவை. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நம்மை வாழவைக்கும் மண்ணில் நாம் செய்யக்கூடாத காரியம் இது.

அப்படியானால் யார் வாங்கலாம்?

ஒரே அடைப்புக்குள் பெரிய தோப்பு, சரிவு அதிகமில்லை, ஓட்டப் போவது வயது வந்த ஒருவர், பின்னால் ஆளை ஏற்றுவதில்லை என்ற கட்டுப்பாடு உண்டு, தலைக்கவசம் உண்டு. இப்படிப்பட்டவர் வாங்கலாம். அப்போதும் மாற்றாத பழைய வண்டியைத் தேடுவதே நல்லது. மாற்றியதுதான் கிடைக்கிறது என்றால், மாற்றிய பாகங்களுக்குப் பில், மாற்றியவரின் பெயர், முடிந்தால் கழற்றிய பழைய பாகங்கள் ஆகிய மூன்றையும் கேளுங்கள். மூன்றும் கிடைத்தால் நேரில் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை என் கணக்கு இது. கேட்கும் விலையோடு கப்பல் கூலி, டயர், பேட்டரி, பிரேக், முழு வயரிங் இத்தனையையும் கூட்டுங்கள். அந்தத் தொகைக்குப் புதிய பவர் டில்லரும் ஒரு டிரெய்லரும் வருமா என்று பாருங்கள். வரும் என்றால் யோசனை முடிந்தது. பவர் டில்லர் அழகில்லை, வேகமில்லை. ஆனால் உழவுக்கும் ஆகும், சுமைக்கும் ஆகும், உதிரிப் பாகத்துக்குப் பட்டியல் உண்டு. வேகமில்லை என்பதுகூட எனக்கு அதன் நல்ல குணமாகத்தான் படுகிறது.

பாஹா போட்டியில் ஜெயித்த மாணவர்களைப் போல் நம் பிள்ளைகளுக்கும் வண்டி கட்ட ஆசை இருந்தால், கட்டட்டும். வரைபடம் போட்டு, கணக்கு எழுதி, சோதித்து, ஏட்டில் பதிந்து கட்டட்டும். நான் கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். பிறர் கைவிட்ட ஒன்றை வாங்கி மேலே பெயின்ட் அடிப்பதைவிட அது நூறு மடங்கு மேல்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் பேச்சுப் போட்டிக்கும் நாம் குழு அமைக்கிறோம். பழைய வண்டி வாங்க நினைக்கும் உறுப்பினர்களுக்காக, வண்டித் தொழில் தெரிந்த நாலைந்து பேர் கொண்ட குழு ஒன்றையும் அமைக்கலாம். ஸ்ரீ விஜய புரத்தில் இறங்கும் வண்டியைப் பணம் கைமாறுவதற்கு முன் பார்த்துச் சொல்ல நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், பட்டறை வைத்திருப்பவர்கள், மரக்கடையில் லாரி ஓட்டியவர்கள் என்று எத்தனையோ பேர். சென்னையில் நம் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நேரில் போய், சுத்தியலும் சாக்பீஸும் கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னால் எத்தனை குடும்பங்களின் சீட்டுப் பணம் மிஞ்சும்! செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால், முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.